தாடி இருந்த கார்த்திகை

இந்தியாவிலிருந்து ஒரு நாயை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோவது ஆளைக் கொண்டுபோவதைவிடக் கஷ்டம். முதலில் தோலுக்கடியில் சிப் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. ஊசி போட்டு 30 நாளாவது கழிந்தபின் ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தி போதும் என்று சான்று வந்துவிட்டாலும் உடனே விமானம் ஏற்ற முடியாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் இங்கேயே கிடந்தாக வேண்டும். அந்த மூன்று மாதத்தால்தான் 2024 தீபாவளி முடிந்த கையோடு ஒரு மினியேச்சர் ஷ்னவுசர் அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

நாய்க்குச் சொந்தக்காரர் எங்கள் தெருக்கோடி மாடியில் குடியிருந்த ஜெர்மன் அம்மா. ரமணாசிரமத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தவர், ஒரு கட்டத்தில் இங்கேயே வீடெடுத்துத் தங்கிவிட்டார். எங்கள் ஊரில் இப்படி நிறையப் பேர் உண்டு, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் பெங்களூரிலிருந்து அந்தக் குட்டியோடு அவர் இறங்கிய அன்று தெருவே திரும்பிப் பார்த்தது. வளர்ந்த பிறகும் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. மிளகும் உப்பும் கலந்து தூவிய நிறம், கண்ணை மறைக்கும் புருவம், மூக்குக்குக் கீழே நரைத்த தாடி. கிரிவலப் பாதையில் தாடிக்குப் பஞ்சமா? தெருப் பிள்ளைகள் அன்றைக்கே ‘சாமியார்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் வைத்த பெயர் ஃப்ரிட்ஸ். என் மாமியார் வாயில் அது நுழையவில்லை. ‘தாடி’ என்று கூப்பிட்டார். வீட்டுக்கு வந்த மறுநாளே எங்கள் எல்லோருக்கும் அது தாடிதான்.

சொந்த ஊரில் அந்த ஜெர்மன் அம்மாவின் அக்காவுக்கு உடம்பு முடியாமல் போய், அவர் அவசரமாகக் கிளம்ப வேண்டியதாயிற்று. ஜனவரிக் கடைசியில் ஏஜெண்ட் வந்து நாயை எடுத்துப் போவார், அதுவரை வைத்திருங்கள் என்றுதான் முதலில் கேட்டார். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு, தனக்குத் தெரிந்த தமிழில், “பிள்ளைகளுக்குப் பிடித்தால் நீங்களே வைத்துக்கொள்ளலாம். எனக்கு வயசு எழுபத்திரண்டு. யோசித்துச் சொல்லுங்கள்” என்றார். ஆட்டோ போய்விட்டது. என் மகள் நாயின் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு நின்றாள். யோசிக்க வேண்டிய வேலை எங்கள் தலையில் விழுந்தது.

வீடு அன்றே கட்சி பிரிந்துவிட்டது. ஐந்தாவது படிக்கும் மகள் நாய்க் கட்சி. மாமியார் எதிர்க்கட்சி. நடையில் நாய் படுத்தால் விளக்கேற்ற முடியாது என்பது அவர் சொன்ன காரணம். அடுத்தவர் நாயை நேசித்து என்ன கண்டோம் என்பது சொல்லாத காரணம். கிரிவலப் பாதையில் சோடாக் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர், எந்தக் கட்சி ஜெயித்தாலும் சாப்பாட்டுச் செலவு தன்னுடையது என்பதால் வாயைத் திறக்கவில்லை. ஒன்பதாவது படிக்கும் மகன் தனிக் கட்சி. “வளர்க்கிறதுன்னா ராஜபாளையம் வளர்க்கணும். வெளிநாட்டு நாய் எதுக்கு?” என்றான். 2005இல் தபால்துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. 2020இல் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பேர் சொல்லிப் பேசினார். பையன் இதையெல்லாம் ஒப்பித்தான். அவன் கட்சியில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் மண்ணின் வெயிலும் உண்ணியும் அந்த நாய்களுக்குப் பழக்கம். ஆனால் ராஜபாளையம் வேட்டை நாய். ஓடுவதற்குக் காடு வேண்டும். எங்கள் சந்தில் ஓடினால் ஆடு, கோழி. சந்தைத் தாண்டினால் மலையடிவாரத்தில் தண்ணீர் தேடி இறங்கும் புள்ளிமான். தெரு நாய்கள் மானைக் கடித்துக் குதறிவிட்டன என்ற செய்தியைக் கோடைதோறும் படிக்கிற ஊரில் இன்னொரு வேட்டைக்காரனைக் கொண்டுவந்து விட எனக்கு மனம் வரவில்லை.

நான் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். வரவு எது, செலவு எது என்று எழுதிப் பார்க்காமல் எதையும் முடிவு செய்ய வராது. அதனால் முதலில் அந்த நாய் எதற்காகப் பிறந்த நாய் என்று தெரிந்துகொள்ளப் பார்த்தேன். கொஞ்சம் அந்த அம்மா எழுதிவைத்துவிட்டுப் போன தாளில் இருந்தது, கொஞ்சம் கால்நடை டாக்டர் சொன்னார். ஜெர்மனியில் விவசாயிகள் வீட்டிலும் தொழுவத்திலும் எலி பிடிக்க வைத்திருந்த நாய்களின் வம்சம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், நடுத்தர உயர ஷ்னவுசரை ஆஃபன்பின்ஷர் என்னும் குட்டை நாயோடு சேர்த்து உயரத்தைக் குறைத்திருக்கிறார்கள். 1899இலேயே கண்காட்சியில் தனி இனமாக நின்றிருக்கிறது. 30 முதல் 36 சென்டிமீட்டர் உயரம், 9 கிலோவுக்குள் எடை, 12 வருடத்துக்கு மேல் ஆயுசு. செய்ய வேண்டிய வேலை இரண்டுதான். எலியைப் பிடிக்க வேண்டும், புது ஆள் வந்தால் சத்தம் கொடுக்க வேண்டும்.

முதல் வேலையில் தாடியை மிஞ்ச ஆளில்லை. எங்கள் வீட்டின் பின்கட்டில் மல்லாட்டை மூட்டை அடுக்கும் கொட்டகை ஒன்று உண்டு. பெருச்சாளிகள் அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் செய்தன. பொறி வைத்தோம், பூனை வளர்த்தோம். அந்தப் பூனை பெருச்சாளியைக் கண்டு மதிலேறிய கதையை மாமியார் இன்றும் சொல்லுவார். தாடி வந்த முதல் வாரத்தில் மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் மூக்கை நுழைத்தது. முன்காலால் மண்ணை வாரியது. வால் விறைத்து நின்றது. அடுத்த நிமிடம் தன் தலையளவு இருந்த பெருச்சாளியைக் கவ்விப் பிடித்து ஒரே உதறு. மாமியார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அன்று ராத்திரி நடையில் ஒரு சாக்கு விரிக்கப்பட்டிருந்தது. யார் விரித்தது என்று யாரும் கேட்கவில்லை.

வரவுப் பத்தியில் இன்னும் இருந்தது. வீடெல்லாம் முடி உதிர்க்காது. பிள்ளை எந்த அறையில் இருக்கிறாளோ அந்த அறை வாசலில் படுத்திருக்கும். மகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்கும். என் வகுப்பில் அப்படிக் கேட்கிற பையன் ஒருவன்கூட இல்லை. எதையும் இரண்டு தடவை சொன்னால் பிடித்துக்கொள்ளும். ‘உக்காரு’, ‘வேணாம்’, ‘உள்ள போ’ மூன்றையும் ஒரே வாரத்தில் தமிழில் கற்றுக்கொண்டது. நான்கு சுவருக்குள் வைத்துப் பார்த்தால் குடும்பத்துக்கென்றே வார்த்த நாய்.

ஆனால் எங்கள் வீடு நான்கு சுவரோடு முடிவதில்லை. வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிரிவலப் பாதை. 14 கிலோமீட்டர் சுற்றில் வருண லிங்கத்தைத் தாண்டி, வாயு லிங்கத்துக்கு முன்னால், மலைக்கு மேற்குப் பக்கம் இருக்கிறது அடி அண்ணாமலை. பிரம்மா பிரதிஷ்டை செய்ததாகச் சொல்லும் ஆதி அருணாசலேசுவரர் கோயில் இங்கேதான். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என்று அவருக்கும் ஒரு கோயில் உண்டு. நான் கல்யாணமாகி வந்தபோது பௌர்ணமிக்கு மட்டும்தான் கூட்டம். மற்ற நாளில் பாதையில் மாடு படுத்திருக்கும். இப்போது ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து வேன் வேனாக வருகிறார்கள். சனி ஞாயிறு, அரசு விடுமுறை, விடியற்காலை மூன்று மணி எதுவும் கணக்கில்லை. வெறுங்காலின் சத்தம், குச்சி ஊன்றுகிற சத்தம், ‘அருணாசல சிவா’ என்று செல்போனில் ஓடவிட்ட பாட்டு எல்லாம் சந்துவரை வரும். நடக்கிறவர்களில் பாதிப் பேர் களைத்துப்போய் எங்கள் திண்ணையில் உட்காருவார்கள். தண்ணீர் கேட்பார்கள். கொடுப்போம். அது இந்தத் தெருவின் வழக்கம்.

இந்தக் கூட்டத்தோடு எப்படி வாழ்வது என்று எங்கள் தெரு நாய்களுக்குத் தெரியும். டீக்கடைக்கு ஒன்று, லிங்கத்துக்கு ஒன்று என்று பங்கு போட்டுக்கொண்டு படுத்திருக்கும். லட்சம் கால் தாண்டிப் போனாலும் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். மாமியாரின் அம்மா ரமணரைப் பார்த்தவர். மகரிஷி நாய்களை அது இது என்று சொல்லமாட்டார், ‘பசங்க’ என்பார், பசங்க சாப்பிட்டார்களா என்று கேட்பார் என்று மாமியாருக்குச் சொல்லியிருக்கிறார். கந்தாசிரமத்தில் இருந்த காலத்தில் கமலா என்ற பெண் நாய், புதிதாக வருகிற பக்தர்களை அழைத்துக்கொண்டு மலையைச் சுற்றிக் காட்டிவிட்டு வருமாம். புத்தகங்களிலும் இது பதிவாகியிருக்கிறது. ஆசிரமத்துக்குள் பசு லட்சுமியின் சமாதிக்குப் பக்கத்தில் ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி இருக்கிறது. ஆகவே “நாய் வேணாம்” என்று மாமியார் சொன்னது நாய்மேல் வெறுப்பால் அல்ல. “இந்த ஊரு நாயிங்க ஒருத்தர் ஊட்டு நாயி இல்லமா, மலைக்காரரு நாயி” என்பது அவர் கட்சி.

தாடி ஒருத்தர் வீட்டு நாய். அதற்கு விதித்த இரண்டாவது வேலையை அது மறக்கவில்லை. சந்தில் புதுக் காலடி கேட்டால் குரைத்துச் சொல்ல வேண்டும். ஒரு கால் போனால் ஒரு குரைப்பு, பத்துக் கால் போனால் பத்து. ஜெர்மன் அம்மா பௌர்ணமிதோறும் நாயைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரிக்குப் போய்விடுவார். கடலைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

நவம்பர் 15, ஐப்பசிப் பௌர்ணமி. கோயிலில் அன்னாபிஷேகம், பாதை நெடுகிலும் அன்னதானம். சாயங்காலம் ஆறு மணிக்குத் தாடி குரைக்கத் தொடங்கியது. ஒன்பது மணிக்குக் குரல் கட்டியது. கட்டிய குரலிலும் விடவில்லை. ஒவ்வொரு முறை குரைத்துவிட்டும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. ஆள் வந்திருக்கிறான், சொல்லிவிட்டேன், நீங்கள் ஏன் எழுந்து வரவில்லை என்று கேட்கிற பார்வை. அதட்டினால் இரண்டு நிமிடம் அடங்கும். வேலை செய்கிற பிள்ளையை வேலை செய்ததற்காக அதட்டுகிறோமே என்று எனக்கே கூசியது. திண்ணையில் உட்கார வந்தவர்கள் பயந்து எழுந்து போனார்கள். யாரோ ஒரு புண்ணியவதி மட்டும், பாவம் பசியில் கத்துகிறது என்று நினைத்து, நெய் மிதக்கிற சர்க்கரைப் பொங்கலைத் தொன்னையோடு கேட்டுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். காலையில் காலித் தொன்னைதான் கிடந்தது.

சனிக்கிழமை விடிந்தது. கார்த்திகை ஒன்று. வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போடக் கோயிலுக்குப் போயிருந்தார். வாசலில் ஏதோ சலசலப்பு. போய்ப் பார்த்தால் கேட்டுக்கு வெளியே பத்துப் பதினைந்து பேர் செல்போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். உள்ளே, மலையைப் பார்த்தபடி, தாடி முன்னங்கால் இரண்டையும் நீட்டி, நெஞ்சைத் தரையில் படியவைத்து, பின்பக்கத்தைத் தூக்கி நமஸ்காரம் செய்துகொண்டிருக்கிறது. எழும், நாலடி நடக்கும், மறுபடி விழுந்து கும்பிடும். “அண்ணாமலையாரே, வாயில்லாத ஜீவன்கூட உன்னத் தேடுதே” என்று ஒரு பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். தெலுங்கு பேசிய ஒரு குடும்பம் அதோடு செல்ஃபி எடுத்தது. மாமியாருக்கே ஒரு கணம் கண் கலங்கிவிட்டது.

பிறகு அது வாந்தி எடுத்தது. மறுபடி கும்பிட்டது. மறுபடி வாந்தி.

டாக்டர் நான் போனில் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. “கும்பிடலம்மா. வயித்து வலி தாங்காம அப்படி நிக்குது. தூக்கிட்டு வாங்க” என்றார். வயிற்றில் கடுமையான வலி வந்தால் நாய்கள் அந்த மாதிரி முன்பக்கத்தைத் தாழ்த்தி நிற்பது உண்டாம். கணையம் அழற்சி கண்டிருக்கிறது என்பது அவர் சந்தேகம். ரத்தம் எடுத்துக் குழாயில் சற்று நேரம் வைத்தார். சிவப்பு கீழே இறங்கியது. மேலே தெளிவாக நிற்க வேண்டிய நீர் வெள்ளையாகக் கலங்கி நின்றது. “இது அத்தனையும் கொழுப்பு. நேத்து தின்ன பொங்கல் மட்டும் இல்ல, இந்த ஜாதி நாய்ங்களுக்குப் பொறவியிலேயே ரத்தத்துல கொழுப்பு ஏற வாய்ப்பு அதிகம். அதுமேல நெய்யும் சேந்தா கணையம் தாங்காது” என்றார். அதோடு சிறுநீர்ப்பையில் கல், சர்க்கரை நோய், கண்ணில் புரை, முதுகுத் தோலில் கரும்புள்ளிக் கொப்புளம் என்று அந்த இனத்துக்கு வரக்கூடியதையெல்லாம் அடுக்கினார். எல்லா நாய்க்கும் எல்லாமும் வராது, ஆனால் எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும் என்றார். சலைன் ஏறியது, வாந்திக்கும் வலிக்கும் ஊசி போட்டார்கள். மகள் அதன் தாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எழுந்து நடந்த பிறகு சாப்பாடு என்ன கொடுப்பது என்று கேட்டேன். குழைந்த சோறு, தோல் உரித்து வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி, எண்ணெய் ஒரு சொட்டு கூடாது என்றார். மாலை போட்டிருக்கிற வீட்டில், கார்த்திகை மாதத்தில், கோழி! விலை கொடுத்தால் கொழுப்புக் குறைந்த மருத்துவத் தீவனமும் உண்டு. அதை வரவழைக்கவே நாலைந்து நாளாகும், விலையைக் கேட்டால் எங்களுக்கே வயிறு வலிக்கும். வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னேன். மாமியார் பதில் பேசவில்லை. தோட்டத்துக் கடைசியில், எலுமிச்சை மரத்துக்கு அப்பால், மூன்று கல் கூட்டினார். தனிச் சட்டி, தனிக் கரண்டி. மகன் கறி வாங்கிவர, அவர் மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு வேகவைத்தார். முடித்ததும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார். பக்கத்து வீட்டு அக்கா என்ன வாசனை என்று கேட்டபோது, “மருந்து காச்சறேன்” என்றார்.

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. மறுநாள் எங்கள் பக்கம் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. அன்று சாயங்காலம் மலையின் கிழக்குப் பக்கம், வ.உ.சி. நகரில், மண் சரிந்து ஒரு வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் போய்விட்டார்கள். ஐந்து பேர் குழந்தைகள். அந்த வாரம் ஊரில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. மலையை அண்ணாந்து பார்த்தால் சிவந்த மண் வழித்துவிட்டாற்போல ஒரு கோடு தெரியும்.

மழைக்காலம் தாடியின் செலவுப் பத்தியை நீட்டியது. அதன் மேல்முடி கம்பிபோல முரடு, உள்ளே பஞ்சுபோல் இன்னொரு அடுக்கு. முடி உதிராது என்று மகிழ்ந்தோமே, அந்த உதிராத முடி வளர்ந்துகொண்டேதான் போகும். வாரத்தில் மூன்று நாளாவது சீவாவிட்டால் அக்குளில், காதுக்குப் பின்னால் சிக்குப் பிடித்துச் சடையாகும். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை மெஷினால் வெட்ட வேண்டும். ஜெர்மன் அம்மா மெஷினை வைத்துவிட்டுப் போயிருந்தார், ஆனால் கால் இடுக்கில் ஓட்ட எங்களுக்குத் தைரியம் வரவில்லை. நாய்க்கு முடி வெட்டத் தெரிந்த ஆளைத் தேடி வேலூர் போய்வந்தோம். சேற்றில் தாடி நனையும், தண்ணீர் குடித்தால் நனையும், சோறு ஒட்டும். ஒவ்வொரு வேளையும் துடைக்க வேண்டும். புல்லில் போய்வந்தால் அந்த அடர்ந்த முடிக்குள் உண்ணி இருப்பது கண்ணுக்கே தெரியாது. விரலால் தடவித் தேட வேண்டும். இத்தனையும் மகள் செய்தாள். ஐந்தாவது படிக்கிறவள் செய்கிறாள், சரி. எட்டாவதில் செய்வாளா, பத்தாவது பொதுத் தேர்வு வருடத்தில் செய்வாளா? 12 வருட ஆயுசை எழுதி, அதற்கு எதிரே அவள் வகுப்பை எழுதிப் பார்த்தேன். கல்லூரி விடுதிக்குப் போய்விடுவாள், நாய் இங்கே இருக்கும்.

இவை எதுவும் என்னைத் தடுத்திருக்காது. சீவலாம், நெய்யை மறைத்து வைக்கலாம், மே மாதம் வெயில் 40ஐத் தொடும்போது உள்ளறையில் ஈரத் துணி விரித்துப் போடலாம். கோழியைத் தோட்டத்துக் கடைசியிலேயே வேகவைக்கலாம். நாய் வளர்க்கிறவர்கள் இதைவிட அதிகமாகவும் செய்கிறார்கள்.

டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை, தீபம். மண்சரிவினால் அந்த வருடம் பக்தர்களை மலையேற விடவில்லை. ஆனாலும் பாதையில் கூட்டம் குறையவில்லை. மறுநாள் சாயங்காலம் பௌர்ணமி தொடங்கி ஞாயிறு மதியம்வரை இருந்தது. ஆக, மூன்று ராத்திரியும் தொடர்ந்து கால்கள். டாக்டர் முன்கூட்டியே மாத்திரை கொடுத்திருந்தார். சாமான் அறையைக் காலி செய்து, ஜன்னலுக்குக் கம்பளி அடித்து, டேபிள் ஃபேனை முழு வேகத்தில் வைத்தோம். மகன் அவனுடைய ஸ்பீக்கரையும் கொடுத்தான். ஆறு மணிக்கு உச்சியில் தீபம் ஏறும்போது ஊர் முழுக்க ‘அரோகரா’ எழும்பும், வெடி வெடிக்கும், தெருவில் பிள்ளைகள் மாவளி சுற்றுவார்கள். நாயோடு யாராவது ஒருவர் உள்ளே இருக்க வேண்டும். நான் இருக்கிறேன் என்றேன். “நீ புள்ளைங்கள மாடிக்குக் கூட்டினு போ” என்று சொல்லிவிட்டு மாமியார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அவர் மொட்டைமாடியில் நின்று தீபம் பார்க்காத வருடம் கிடையாது. மாமனார் இறந்த வருடம்கூட, ஓரமாக நின்று பார்த்தார்.

நாங்கள் கீழே இறங்கியபோது அவர் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். தாடி அவர் மடிக்குள் முகத்தைப் புதைத்திருந்தது. உடம்பெல்லாம் உதறல். வாயிலிருந்து சத்தம் வரவில்லை, ஆனால் சந்தில் கால் நகரும்போதெல்லாம் தொண்டை மட்டும் குரைத்தது. மாத்திரை காலை மடக்கியிருந்தது, காதை மடக்கவில்லை. அப்படியே சனி, அப்படியே ஞாயிறு. மூன்று நாளும் அது கண்ணை மூடித் தூங்கியதாக எனக்கு நினைவில்லை.

திங்கட்கிழமை நான் பள்ளிக்குக் கிளம்பும்போது மாமியார் முற்றத்தில் அதற்குச் சீவிவிட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்: “அந்தம்மாவாண்ட அனுப்பிடும்மா. இது நல்ல நாயி. அதான் சொல்றேன்.”

எனக்கும் அதே கணக்குதான் வந்திருந்தது. வருடத்துக்குப் பன்னிரண்டு பௌர்ணமி, சில வருடம் பதின்மூன்று. சித்திரைக்கும் கார்த்திகைக்கும் கூட்டம் சொல்லவே வேண்டாம். நாங்கள் நல்லபடி பழக்கினால் குரைப்பு குறையலாம். ஆனால் புதுக் காலடி கேட்டால் சொல்லு என்று நூறு வருடத்துக்குமேல் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த ஒரு ரத்தத்திடம், புதுக் காலடி ஓயாத தெருவில் உட்கார்ந்துகொண்டு, சொல்லாதே என்று ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பாதை எங்கேயும் போகாது. நாங்களும் போகமாட்டோம். போகக்கூடியது அது ஒன்றுதான், அதற்கு டிக்கெட்டும் தயாராக இருந்தது.

மகளிடம் சொன்னதை இங்கே எழுதவில்லை. அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, ஆயாவோடு நான்கு நாள். கூட்டணி மாறிய கோபம். அதன் பிறகு ஜெர்மன் அம்மாவுக்கு அவளே வீடியோ கால் போட்டு, எந்தச் சீப்பு, எத்தனை கரண்டி சோறு, எந்தக் காதுக்குப் பின்னால் சொறிந்தால் பிடிக்கும் என்று அதிகாரமாக ஒப்புவித்தாள். அந்த அம்மா அங்கே தங்கப்போவது ஊருக்கு வெளியே, தோட்டத்தோடு இருந்த அக்கா வீட்டில். ஒரு நாளைக்குத் தபால்காரர் ஒருவர்தான் வருவாராம். “அப்ப அவருக்கு மட்டும் கத்தும்” என்றாள் மகள். ஜனவரிக் கடைசியில் ஏஜெண்ட் கூண்டோடு வந்தார். தாடி கூண்டுக்குள் தானாகப் போய்ப் படுத்தது. மாமியார் வழிக்கு என்று துணியில் சுற்றிக் கொடுத்த வேகவைத்த கோழியை, ஏஜெண்ட் விதிமுறை சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். தை மாதம், அதனால் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மகன் தின்றுவிட்டான்.

இந்தக் கதை பள்ளியில் பரவியதில் ஒரு லாபம். கலசபாக்கம் பக்கத்திலிருந்து வரும் சக ஆசிரியர் ஒருவர், தம் பெண்ணுக்காக ஷ்னவுசர் வாங்கலாமா என்று என்னிடம் கேட்டார். வாங்காதீர்கள் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்துத்தான் கேட்டிருப்பார். நான் அவர் வீட்டைப் பற்றிக் கேட்டேன். வயலுக்கு நடுவில் வீடு. ஒரு பக்கம் நெல் குதிர், ஒரு பக்கம் மல்லாட்டைக் கொட்டகை. அப்பா அம்மா பகல் முழுக்க வீட்டில் இருப்பார்கள். வாரத்தில் யாராவது வந்தால் அது பால் சொசைட்டி ஆள். தெரியாத ஆள் வந்தால் சத்தம் கொடுக்க ஒரு ஆள் தேவை. “உங்களுக்கு இதைவிட நல்ல நாய் கிடையாது சார்” என்றேன். பிறகு மற்றதைச் சொன்னேன். கறவை மாட்டு விலை கேட்பார்கள், கொடுப்பதற்குமுன் தாய் நாயை நேரில் பார்க்க வேண்டும். விற்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்தவரா என்று கேட்க வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017 விதி இருக்கிறது, குட்டியின் வயசைக் கேட்க வேண்டும். கண்ணைப் பரிசோதித்த சான்று உண்டா என்று கேட்க வேண்டும். நெய், வடை, முறுக்கு, கறிக் கொழுப்பு எதையும் பாட்டி ஆசையாக ஊட்டக் கூடாது. கட்டுவிரியன் நடமாடும் வயல், எலி வளைக்குள் மூக்கை நுழைக்கிற நாய், அதனால் ராத்திரி வெளியே விடக் கூடாது. முடி வெட்ட வேலூர் போய்வரும் நாளைச் சம்பள நாளோடு சேர்த்துக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் ஒரு வெள்ளைத் தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பெங்களூர் போய் இரண்டு இடத்தில் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார், மூன்றாவது இடத்தில் வாங்கினார். கறுப்பும் வெள்ளியும் கலந்த பெண் குட்டி. போன வாரம் வாட்ஸப்பில் படம் அனுப்பியிருந்தார். குதிர் பக்கத்தில் தாடியெல்லாம் மண்ணாக நிற்கிறது, வாயில் பெருச்சாளி. மாமியாரிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “சின்னது” என்றார். நாயைச் சொன்னாரா பெருச்சாளியைச் சொன்னாரா என்று கேட்டேன். பெருச்சாளியைத்தானாம்.